கையை எடுங்க சார்

கண்ணு,

உனக்கு மயக்க மருந்துப் பிரிவில் எம்.டி. இடம் கிடைத்த செய்தியை உன் தாத்தா போனில் சொன்னபோது நான் மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, பேத்திக்குக் கிடைச்சிடுச்சு" என்றான். அடுத்த மூச்சிலேயே, "ஆனா சர்ஜரி வரலையே" என்று குரல் இறங்கிவிட்டது. 1978-இல் எனக்கு இதே துறை வாய்த்தபோது எங்கள் அப்பாவின் குரலும் அப்படித்தான் இறங்கியது. அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, இன்று தம்பிக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதனால்தான் கை வலித்தாலும் இந்தக் கடிதம்.

மூளை, இதயம் என்று பெரிய பெரிய ஆபரேஷன்களை உன் பேராசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நான் பல்லைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "பல்லுதானே, என்ன ஆகப் போவுது" என்று தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பன் சொல்வதை நீ ஆயிரம் தடவை கேட்பாய். நம் துறை பிறந்ததில் பல்லுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கவைத்துக்கொண்டார். 1846-இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து உலகத்துக்குக் காட்டிய மார்ட்டனும் பல் மருத்துவர்தான். மயக்க மருந்து உலகத்துக்கு அறிமுகமானது பல் மருத்துவர்களின் கையால். அது மனிதரை எதிர்பாராமல் கொண்டுபோனதும் பல தடவை பல் டாக்டரின் நாற்காலியில்தான்.

மயக்க மருந்துப் பட்டயப் படிப்பான டி.ஏ. முடித்து 1982-இலிருந்து நான் வேலை பார்த்த விதம் உனக்குக் கதை போலத் தோன்றலாம். எனக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கிடையாது. காலை ஆறரைக்கு லஸ் பக்கம் ஒரு சிசேரியன், ஒன்பது மணிக்குப் பாண்டி பஜாரின் பின்தெருவில் ஒரு குடலிறக்கம், மத்தியானம் அடையாறு காந்தி நகரில் ஏதாவது ஒன்று. டி.வி.எஸ். 50-இன் பின்னால் ஒரு நீலத் தகரப் பெட்டி. அதற்குள் லாரிங்கோஸ்கோப், சிவப்பு ரப்பர் டியூப்கள், மாஸ்க், ஆம்பூல்கள், ஒரு ஸ்டெதாஸ்கோப். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா அன்று கோயில் குளத்தைச் சுற்றி வண்டி நகராது. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தே போயிருக்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும் பாயில்ஸ் மெஷின் அந்தந்த நர்சிங் ஹோமில் இருக்கும். மானிட்டர் என்று இப்போது நீ சொல்லும் பெட்டி பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் இருந்தது. எங்களுக்கு மானிட்டர் எங்கள் விரலும் காதும்தான். நோயாளியின் இடப்பக்க மார்பில் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, குழாயை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வோம். இன்னொரு காது அறைக்கு.

1986 என்று நினைவு. தி.நகரில் ஒரு முதல் மாடி. கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பெண், 42 கிலோ. நான்கு ஞானப்பற்களும் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருந்தன. நாலையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்று முழு மயக்கத்துக்கு ஏற்பாடு. பல் டாக்டர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். அவர் கை அவ்வளவு சுத்தம், அவ்வளவு வேகம். அவர் வேலையைப் பார்க்க மாணவர்கள் வந்து நிற்பார்கள். மூக்கு வழியாக டியூப் போட்டு, தொண்டையில் ஈரத்துணிப் பேக் வைத்து, ஹாலோத்தேனில் பெண்ணைத் தூங்க வைத்திருந்தேன்.

முதல் பல் வந்தது. இரண்டாவது பாதி வந்திருந்தது. காதில் லப்டப் லப்டப் என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்த சத்தத்தில் ஒன்று அவசரமாக முந்திக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு இடைவெளி. ஏதோ இடறல் என்று நினைத்தேன். மறுபடி வந்தது. நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, பிறகு ஒன்று விட்டு ஒன்று. மணிக்கட்டைத் தொட்டேன். காதில் நூறு கேட்கிறது, விரலில் ஐம்பதுதான் வருகிறது. முந்திக்கொண்டு வரும் துடிப்பில் இதயம் நிரம்பியிருக்காது. அதனால் அது வெளியே தள்ளும் ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் எட்டாது. காதுக்கு அது அதிகத் துடிப்பு, விரலுக்கு விட்டுப்போன துடிப்பு. இதை உனக்கு இசிஜி திரை ஒரு நொடியில் காட்டிவிடும். ஆனாலும் ஒரு தடவையாவது விரலால் கண்டுபிடித்துப் பார்.

எனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். எங்கள் வீட்டில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். வேலை செய்கிறவரின் கையை நிறுத்துவது அதைவிடப் பெரிய அவமரியாதை. முப்பத்து மூன்று வயதில், படித்த டாக்டராக, அந்தப் பெண்ணின் உயிரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபோதும் அந்தக் கிள்ளு எனக்கு வலித்தது. பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"சார், கையை எடுங்க."

"ஒரு நிமிஷம்மா, வேர் வந்துடும்."

"கையை எடுங்க சார்."

எடுத்தார். முகம் கடுகடுவென்று ஆனது. நான் ஹாலோத்தேனை மூடினேன், ஆக்ஸிஜனை முழுதாகத் திறந்தேன். மெஷினின் மூச்சுப் பையைக் கையால் அமுக்கி வேகமாக மூச்சு கொடுத்தேன். பெட்டியிலிருந்து அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னை எடுத்து, லேபிளை வாய்விட்டுப் படித்து, 2 மில்லி ரத்தக்குழாயில் கொடுத்தேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் இடறல் குறைந்தது. ஒன்று விட்டு ஒன்று வந்தது பத்துக்கு ஒன்றானது. அப்புறம் சீராகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கேட்டேன்: "சார், ஏதாவது போட்டீங்களா?"

"ரத்தம் வரக்கூடாதுன்னு நாலு பக்கமும் ஊசி போட்டேனேம்மா. நீதான் தூங்க வச்சிட்டியே, உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு..."

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. பல் டாக்டர் தினமும் போடும் ஊசி அது. 2 சதவீத லிக்னோகெய்ன், அதோடு 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின். விழித்திருப்பவருக்கு அந்த ஊசியைப் போட்டு இந்த ஊரில் தினம் எத்தனையோ பல் பிடுங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். 80,000-இல் ஒன்று என்றால் 1 மில்லியில் 12.5 மைக்ரோகிராம். இடத்துக்கு 2 மில்லி என்று நாலு இடத்தில் 8 மில்லி, ஆக 100 மைக்ரோகிராம். ஹாலோத்தேனில் தூங்கும் பெரியவருக்குக் கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராமைத் தாண்டாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். 42 கிலோவுக்கு அது 63. ஹாலோத்தேன் இதயத் தசையை அட்ரினலினுக்குக் கூச்சப்பட வைக்கும். வழக்கமாகத் தாங்கும் அளவைக்கூட அப்போது அதனால் தாங்க முடியாது. அவருடைய மருந்தும் என்னுடைய மருந்தும் தனித்தனியே நல்லவை. ஒரே உடம்புக்குள் சந்தித்துக்கொண்டபோது வந்தது வினை.

அவர் பெரிய மனிதர். அன்று கோபமாகத்தான் வேலையை முடித்தார். அடுத்த வாரம் நான் போனபோது ஊசியைக் கையில் எடுத்தவுடன் என் பக்கம் திரும்பி, "போடறேம்மா, 2 மில்லி" என்றார். ஓய்வு பெறும்வரை ஒரு தடவைகூட அதை விடவில்லை.

லிக்னோகெய்னைப் பற்றி ஒரு வார்த்தை. 1943-இல் ஸ்வீடனில் லோஃப்கிரென் கண்டுபிடித்த மருந்து. பல்லுக்குப் பக்கத்தில் போட்டால் ஈறு மரத்துப் போகும். அதையே சுத்தமாக ரத்தக்குழாயில் கொடுத்தால் கீழறையின் தாறுமாறான துடிப்பை அடக்கும். பெயர் ஒன்று, பாட்டில் இரண்டு. ஒன்றில் அட்ரினலின் உண்டு, ஒன்றில் இல்லை. அவசரத்தில் கை மாறிவிட்டால் அணைக்க வேண்டிய நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். இதயத்துக்கான பாட்டிலைப் பல் டாக்டரின் டிரேயில் வைக்கவே விடாதே. எடுக்கும்போது லேபிளைச் சத்தமாகப் படி. பக்கத்தில் நிற்கும் சிஸ்டர் காதில் விழ வேண்டும்.

இதெல்லாம் எங்கள் காலத்தில் தொடங்கியதும் இல்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகத்தை எடுக்கப் போனாள். குளோரோஃபார்ம் முகர்ந்த சில நிமிஷத்தில் செத்துப்போனாள். குளோரோஃபார்ம் மருத்துவத்துக்கு வந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து டாக்டர்கள் இரண்டு கட்சி. மூச்சு முதலில் நிற்கிறதா, இதயம் முதலில் நிற்கிறதா? அந்தச் சண்டையைத் தீர்க்க நம் பக்கத்து ஹைதராபாத்தில் நிஜாம் பணம் கொடுத்து, எட்வர்டு லாரியின் முயற்சியில் 1888-இலும் 1889-இலும் இரண்டு கமிஷன்கள் உட்கார்ந்தன. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, மூச்சுதான் முதலில் நிற்கிறது, ஆகவே நாடியைப் பார்க்காதே, மூச்சைப் பார் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற ஒரு பெண்ணும் வேலை பார்த்தார். உலகத்தின் முதல் பெண் மயக்க மருந்து மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். சர்ஜரி வரலையே என்று உன் தாத்தா மறுபடி ஆரம்பித்தால் அவர் பெயரைச் சொல்லு.

அந்தத் தீர்ப்பு பாதி தப்பு. 1911-இல் குட்மன் லீவி என்பவர் பூனைகளில் செய்து காட்டினார்: மயக்கம் லேசாக இருக்கும் நேரத்தில் குளோரோஃபார்மும் அட்ரினலினும் சேர்ந்தால் மூச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத்தின் கீழறை வெறுமனே நடுங்கத் தொடங்கி நின்றுவிடும். தி.நகர் மாடியில் என் காதில் கேட்டது அந்தப் பூனைகளின் கதையின் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தால் நெஞ்சை அமுக்க வேண்டும், ஷாக் கொடுக்க வேண்டும். ஷாக் கொடுக்கும் மெஷின் அந்தக் கட்டிடத்திலேயே இல்லை.

ஆனால் ஹைதராபாத்காரர்கள் சொன்னதில் சரியாக இருந்த அந்தப் பாதி, குழந்தைகள் விஷயத்தில் வேதவாக்கு. அதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை.

1991. மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஐந்து வயதுப் பையன், ஆறு பால்பல் சொத்தை. ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறான் என்று அவன் அம்மாவின் கண்ணும் வீங்கியிருந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்து வைக்கும் கேகை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் காதில் 130 ஆக ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெதுவானது. 100. 80. 60. "பல்லை இழுக்கிறதால வர்ற ரிஃப்ளெக்ஸ்" என்று நான் முடிவே கட்டிவிட்டேன். "அட்ரோபின்" என்று கத்தினேன். ஆம்பூலை உடைத்தேன். கண் ஆம்பூல் மேல், கை சிரிஞ்சு மேல்.

கதவோரம் துடைப்பக்கட்டையோடு நின்ற ஆயாம்மா சொன்னார்: "டாக்டரம்மா, பலூன் அசையலை."

மூச்சுப் பை அசையவில்லை. கேக் அமுக்கியதில் டியூப் மடிந்திருந்தது. அவனுக்கு மூச்சே போகவில்லை. கேகைப் பிடுங்கி எறிந்தேன், டியூப்பை நேராக்கினேன், ஆக்ஸிஜனை அமுக்கினேன். நாலைந்து மூச்சில் உதடு சிவந்தது. 60 மறுபடி 120 ஆனது. சிரிஞ்சில் இழுத்த அட்ரோபின் அப்படியே டிரேயில் கிடந்தது.

தப்பு முழுக்க என்னுடையது. குழந்தையின் துடிப்பு குறைந்தால் முதலில் ஆக்ஸிஜன், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று எனக்குத் தெரியும், மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். தெரிந்ததைத் தேவையான நொடியில் செய்யவில்லை. ஒரு முடிவைக் கட்டிவிட்டால் கண் அதற்கு மேல் பார்ப்பதில்லை.

பையனை அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆயாம்மா வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டு, கையைப் பிசைந்தபடி கேட்டார்: "நடுவுல பேசிட்டேன். தப்பா சொல்லிட்டேனாம்மா?"

என் அம்மா கிள்ளிய அதே இடத்தில் அவரையும் யாரோ கிள்ளி வளர்த்திருக்கிறார்கள். அவர் அதைத் தாண்டிப் பேசியதால் அந்தப் பையன் இருக்கிறான். அன்றிலிருந்து மருந்து தொடங்கும் முன்னால் அறையில் இருக்கும் எல்லாரையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்வது என் பழக்கம் ஆயிற்று: "எது சரியில்லைன்னு பட்டாலும் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்லை." நீயும் சொல்லு. முதல் நாளே சொல்லு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நான் அன்று தப்பாக நினைத்த ரிஃப்ளெக்ஸ் பொய் இல்லை, நீ அதைப் பார்க்கத்தான் போகிறாய். பல், தாடை, கண் எல்லாவற்றின் சேதியையும் மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது நரம்பு. மூளைத்தண்டில் அதற்குப் பக்கத்து வீட்டில் இருப்பது பத்தாவது நரம்பு, வேகஸ். இதயத்தின் கடிவாளம் அதன் கையில். தாடையைப் பலமாக இழுத்தால் ஐந்து சத்தம் போடும், பத்து கடிவாளத்தை இழுத்துவிடும். துடிப்பு பாதியாகும், சில நேரம் சில நொடி நின்றே போகும். கண்ணை அமுக்கினால் இப்படி ஆகிறது என்று 1908-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மாறுகண் ஆபரேஷனில் இது சர்வசாதாரணம். இதற்கு முதல் வைத்தியம் மருந்து இல்லை, கையை எடுப்பதுதான். இழுப்பது நின்றால் பெரும்பாலும் சில நொடியில் துடிப்பு திரும்பிவிடும். மூச்சைப் பார்த்துக்கொள், மயக்கம் ஆழமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அப்படியும் ஏறாவிட்டால் அட்ரோபின், குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். சேதி வரும் பாதையிலேயே மரப்பு ஊசி போட்டுவிட்டால் ரிஃப்ளெக்ஸ் கிளம்புவதும் குறையும்.

வேகமாக, தாறுமாறாக அடித்தாலும் அதே வரிசைதான் என்று என் அனுபவம் சொல்கிறது. கையை எடு. மூச்சு போகிறதா, கரியமிலவாயு சேர்ந்துவிட்டதா? மயக்கம் லேசாகி வலி தெரிகிறதா? யாராவது ஏதாவது ஊசி போட்டார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே பாதிக்கு மேல் அடங்கிவிடும். பெயர் பெரிய மருந்துகள் அதற்குப் பிறகு வரட்டும். நாடியே இல்லை என்றால் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதே. நெஞ்சில் கை வை, ஷாக் மெஷினைக் கூப்பிடு.

இன்று உன் கையில் ஹாலோத்தேனுக்குப் பதில் செவோஃப்ளூரேன் இருக்கும். அட்ரினலினோடு அது அப்படிச் சண்டை போடாது. விரல் நுனியில் ஆக்ஸிமீட்டர், திரையில் இசிஜி, மூச்சில் வரும் கரியமிலவாயுவுக்குத் தனிக் கோடு. எனக்கு முதல் ஆக்ஸிமீட்டர் வந்தபோது பெட்டியைப் பிரித்து என் விரலில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் அந்த பீப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதை ஒரு ஐந்து வருஷம் முன்னால் கொடுத்திருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது. மயிலாப்பூர் பையனின் டியூப் மடிந்ததைத் துடிப்பு குறையும் முன்னாலேயே அது சொல்லியிருக்கும்.

ஆனால் மெஷின் சொல்லாத சேதி ஒன்று உண்டு. அது முன்தினம் நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். "இதய நோய் உண்டா?" என்று கேட்டால் நம் ஜனங்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பாஷையில் கேள். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமா? கண்ணை இருட்டிக்கிட்டு விழுந்ததுண்டா? சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து, மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டீங்களா? அப்படிப் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு வால்வு கெட்டிருக்கும். தண்ணி மாத்திரை சாப்பிடுகிறார்களா? சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். அது குறைந்த இதயம் சின்னத் தூண்டலுக்கே இடறும். கடைசியாக ஒன்று, தயங்கித் தயங்கியாவது கேட்க வேண்டும்: வீட்டுல சின்ன வயசுலேயே, காரணமே தெரியாம, தூக்கத்துல போனவங்க யாராவது உண்டா? பிறப்பிலேயே இசிஜியில் க்யூ.டி. இடைவெளி நீண்ட குடும்பங்கள் அந்தப் பதிலில் ஒளிந்திருக்கும். செவோஃப்ளூரேனும், வாந்திக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் அந்த க்யூ.டி.யை இன்னும் நீட்டுபவை. ஒரு தடவை அடையாறில் ஒரு பாட்டி இந்தக் கேள்விக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் அண்ணன் ரெண்டு பேரு" என்றார். பேரனின் பல்லை அன்று எடுக்கவில்லை. இசிஜியும் இதய டாக்டரின் சீட்டும் வந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தோம்.

அதற்கும் முந்திய கேள்வி, இந்தப் பல்லுக்கு முழு மயக்கம் வேண்டுமா என்பது. பெரும்பாலும் வேண்டாம். மரப்பு ஊசியும் பொறுமையும் போதும். மிகச் சின்னக் குழந்தை, வாயெல்லாம் சொத்தை, சொன்னால் புரிந்துகொள்ள முடியாத பிள்ளை, ஊசிக்கு அடங்காத சீழ், பெரிய ஆபரேஷன் என்றால் வேண்டும். வேண்டும் என்றால் ஷாக் மெஷினும் தீவிர சிகிச்சையும் இருக்கும் இடத்தில் வேண்டும். பல் நாற்காலியில் முழு மயக்கம் கொடுப்பது இங்கிலாந்தில் ரொம்ப காலம் நடந்த பழக்கம். சாவுகளைப் பார்த்துப் பார்த்து, 2001 முடிவோடு அதை ஆஸ்பத்திரிக்குள் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். முதல் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், "சின்னக் கேஸ்தான், வந்துட்டுப் போங்க மேடம்" என்று உன்னையும் யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் தெரிந்தவராக இருப்பார், அடுத்த மாதமும் கேஸ் கொடுப்பவராக இருப்பார். நான் சில தடவை போயிருக்கிறேன். போயிருக்கக் கூடாது. நீ போகாதே.

மரியாதையைப் பற்றி எழுதினேன் அல்லவா. பெரியவர்களை மதிக்காதே என்று நான் சொல்வதாக உன் அப்பா நினைத்துவிடப் போகிறான். நம் பாஷையிலேயே அதற்கு வழி இருக்கிறது. "எடுங்க" என்பதில் மரியாதையும் உண்டு, கட்டளையும் உண்டு. காரணம் சொல்லத் தொடங்காதே. "சார், எனக்கு என்னவோ ரிதம் கொஞ்சம் மாறுற மாதிரி..." என்று இழுத்தால் அவர் வேரை எடுத்துவிடுவார். இரண்டே வார்த்தை. முதல் தடவை கேட்காவிட்டால் அதே இரண்டு வார்த்தை மறுபடி, குரலை உயர்த்தாமல். காரணம் அப்புறம் சொல்லலாம், நோயாளி இருப்பார். வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகு. நான் பழகினேன்.

இப்போது என் சங்கதி. போன ஆனியில் எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று கண்டுபிடித்தார்கள். மேலறை ஒரு ஒழுங்கும் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு மூளைக்குப் போய்விடக் கூடாது என்று தினம் சாயங்காலம் ஒரு அசிட்ரோம் மாத்திரை. ராத்திரி படுத்தால் மணிக்கட்டில் என் விரல் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாற்பது வருஷம் மற்றவர்களிடம் தேடிய இடறல் என்னிடமே இருக்கிறது.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது, எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமி, "மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டுப் போங்கோ, இல்லாட்டா ரத்தம் நிக்காது" என்றார். அவர் வீட்டுக்காரருக்கு யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தப் போவதில்லை. ஒரு பல்லின் ரத்தத்தைத் துணி வைத்துக் கடித்தும், ஒரு தையல் போட்டும் நிறுத்தலாம். மூளைக்குப் போன கட்டியை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. முந்தின நாள் ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். பார்த்து, 2-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால் மாத்திரையோடேயே எடுத்துவிடலாம் என்று இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மரப்பு ஊசிதான். அதில் அட்ரினலின் கொஞ்சமாக, இழுத்துப் பார்த்து, மெதுவாகப் போடுகிறேன் என்று அந்தப் பெண் பல் டாக்டர் சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள். முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு அந்தப் பழைய பெரியவர் ஞாபகம் வந்தது.

நீ திங்கட்கிழமைதான் சேர வேண்டும் என்றாய். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடையாறில் நேரம் வாங்கியிருக்கிறேன், எல்.பி. ரோட்டில். எட்டரைக்கு இங்கே வந்துவிடு, இட்லி இருக்கும். ஐ.என்.ஆர். சீட்டு சாமி அலமாரிக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள். நீலப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பழைய ஸ்டெதாஸ்கோப் குழாய் பிசுபிசுத்துப் போய்விட்டது, வட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. குழாய் மாற்றிக்கொள்ளலாம்.

நாற்காலிக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லியிருக்கிறேன். என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார். எப்படி இடறும் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே பார். ஏதாவது சரியில்லை என்று பட்டால் அந்தப் பெண் என்னவென்று நினைப்பாளோ என்று பார்க்காதே.

அன்புடன்,
அத்தைப் பாட்டி